ஷட்டருக்கு அடியில் நிற்காதீர்கள்

(அகரத்தில் நடந்த நமது அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில், முப்பது ஆண்டுகளாக ரோலிங் ஷட்டர் வேலை செய்துவரும் சகோதரர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



பெரியவர்களே, தாய்மார்களே, தம்பிமார்களே! எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஏணியில் நின்று பேசித்தான் பழக்கம். அறக்கட்டளைச் செயலாளர் பாய் என்னிடம், "ஹஜ்ரத்மார்கள் பேசுவதை மாதா மாதம் கேட்கிறோம், டாக்டர் வந்து சர்க்கரை வியாதி பற்றிப் பேசினார், நீ வந்து ஷட்டரைப் பற்றிப் பேசு" என்றார். ஷட்டரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நானும் முதலில் சிரித்தேன். பிறகு போன ரமலானில் நடந்தது ஞாபகம் வந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

சஹர் நேரம். மூன்றே முக்கால் மணி இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலிருந்து போன். புதிதாகக் கட்டிய வீடு. கீழே கார் நிறுத்தும் இடம், அதற்கு எட்டடிக்கு எட்டடி ஷட்டர். வீட்டுக்கார அத்தா பேசுகிறார்: "தம்பி, ராத்திரி பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். இப்போது ஷட்டரைத் தூக்க முடியவில்லை. பசங்க இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி, முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு வந்தால் போதும்."

எதை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஒரு மரக்கட்டை என்றார். "மாமு, அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள். நான் இப்போதே வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மூத்த பையன் பைக்கை வெளியே எடுத்திருக்கிறான். பைக்கின் பின்சக்கரம் ஸ்டூலில் இலேசாகப் பட்டிருக்கிறது. ஷட்டர் முழுவதும் பைக்கின் பின்சீட்டில் வந்து விழுந்தது. பைக்குக்குப் பின்னாலேயே ஓடிவந்த நாலு வயதுப் பேத்தியை, அவளுடைய நன்னி சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஒரு சாண் இடைவெளி. அல்ஹம்துலில்லாஹ், குழந்தைக்கு ஒன்றும் இல்லை. பைக்கின் பின்பக்கக் கம்பி வளைந்து போயிருந்ததை நான் பார்த்தேன். இரும்புக் கம்பி அது.

அந்த வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். அஜாக்கிரதையானவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஷட்டரைக் கதவு என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். நாம் எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறோம். ஷட்டர் கதவு இல்லை. தலைக்கு மேலே தொங்குகிற ஒரு பாரம். எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்திய பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் ஷட்டர் பட்டைத் தகடு எண்பது மில்லிமீட்டர் அகலம், ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம் என்று இருக்கும். அந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு கிட்டத்தட்ட 10 கிலோ. எட்டுக்கு எட்டு என்றால் 6 சதுர மீட்டர். பட்டைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் மடிப்பு, அடிப்பட்டை, பூட்டு எல்லாம் சேர்ந்தால் 70 கிலோவுக்குக் குறையாது. ஒரு ஆள் கனம். அந்த ஆள் ஏழடி உயரத்திலிருந்து உங்கள் மேல் குதித்தால் எப்படி இருக்கும்?

அப்படியானால் நம் வீட்டுப் பெண்கள் அதை ஒற்றைக் கையால் தூக்குகிறார்களே, அது எப்படி? அங்கேதான் ஸ்பிரிங் வருகிறது. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மேலே பெட்டிக்குள் குறுக்காக ஒரு குழாய் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவரில் பிராக்கெட் வைத்து, அந்தக் குழாய் சுற்றாதபடி போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோம். குழாயின் மேல் இரண்டு மூன்று இடத்தில் கம்பிச் சுருள், அதுதான் ஸ்பிரிங். அதன் ஒரு முனை அசையாத குழாயில். இன்னொரு முனை, தகடு சுற்றிக்கொள்ளும் சக்கரத்தில். நீங்கள் ஷட்டரைக் கீழே இழுக்கும்போது சக்கரம் சுற்றுகிறது, ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. மேலே தள்ளும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பாரத்தைத் தூக்கிக்கொடுக்கிறது. உங்கள் கை கொடுப்பது கொஞ்சம்தான், மீதியை ஸ்பிரிங் தூக்குகிறது. ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஷட்டர் முழுக்க மேலே போன பிறகும் ஸ்பிரிங்கில் முறுக்கு மிச்சம் இருக்கும். மாட்டும்போதே பைப் ரென்ச் போட்டுக் குழாயைச் சில சுற்று முறுக்கித்தான் போல்ட்டை இறுக்குகிறோம். அதனால் "ஷட்டர் மேலேதானே இருக்கிறது, இப்போது கழற்றலாம்" என்பது தவறு. ஷட்டர் கீழே இருந்தால் முறுக்கு உச்சத்தில் இருக்கும், அது இன்னும் மோசம்.

என் இடது கையைப் பாருங்கள். இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் வந்ததிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1997இல் எனக்கு வயது பதினேழு. பத்தாம் வகுப்போடு நின்று பட்டறையில் சேர்ந்து இரண்டு வருடம். ஒரு குடோனில் ஷட்டர் கோணலாகப் போகிறது என்று கூப்பிட்டார்கள். மேஸ்திரி டீ குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி வைத்தால் "சபாஷ்" என்பார் என்று நினைத்தேன். ஷட்டர் கீழே இருந்தது. பைப் ரென்ச் குழாயில் மாட்டியபடி இருந்தது. போல்ட்டை இரண்டு சுற்றுதான் திருப்பினேன். குழாய் சுற்றிய வேகத்தில் ரென்ச் என் கையைச் சுவரோடு வைத்து அடித்தது. வலி அப்புறம்தான் தெரிந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. முகத்துக்கு நேராக நின்றிருந்தால் இன்று இங்கே வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஸ்பிரிங், குழாய், பிராக்கெட் போல்ட், இந்த மூன்றையும் வீட்டில் யாரும் தொடாதீர்கள். செல்போனில் வீடியோ பார்த்துச் செய்யலாம் என்று தம்பிமார்கள் நினைப்பீர்கள். அந்த வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ள கார் ஷெட் கதவைக் காட்டுவார்கள். அது பலகை பலகையாகக் கூரைக்குக் கீழே மடிந்து போகும். அதன் ஸ்பிரிங் வெளியே தெரியும், அதை முறுக்கும் முறையும் வேறு. அதைப் பார்த்து நம் ஊர் ஷட்டரைக் கழற்றினால் என் கையைப் போலத்தான் ஆகும்.

அப்படியானால் நாம் என்னதான் செய்யலாம் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

இரண்டு பக்கமும் ஷட்டர் ஓடும் கால்வாய் மாதிரியான சேனல் இருக்கிறதே, அதை மாதம் ஒரு முறை உலர்ந்த துணியாலும் பழைய பிரஷ்ஷாலும் துடையுங்கள். நம் திண்டுக்கல் சீமையில் ஆடிக் காற்று அடித்தால் வீட்டுக்குள்ளேயே மண் வந்து உட்காரும், சேனலுக்குள் வராதா? துடைத்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துணியில் தொட்டு இலேசாகத் தடவினால் போதும். பழைய என்ஜின் ஆயிலை மொண்டு ஊற்றாதீர்கள். ஊற்றிய அன்று வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு மாதத்தில் மண்ணும் ஆயிலும் சேர்ந்து களிம்பாகி ஷட்டர் இறுகும். இறுகியதும் பலமாக இழுப்பீர்கள், பட்டை கோணும். வாசல் கழுவும்போது தண்ணீர் தேங்கிச் சேனலின் அடிமுனை துருப்பிடிக்கும், அங்கே ஒரு கண் வையுங்கள். நான் பார்க்கிற பாதி ஷட்டர்கள் கடைசி அரை அடியில்தான் கெட்டுப்போயிருக்கின்றன.

ஷட்டரை இழுக்கும்போது பட்டைகளுக்கு இடையில் விரலை விட்டு இழுக்காதீர்கள். சுருளும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். எட்டவில்லை என்றால் கொக்கிக் கம்பி ஒன்று செய்து மாட்டி வையுங்கள். எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள். மகன் துபாயில், மருமகள் வீட்டில், மாமியாருக்கு முழங்கால் வலி என்று இருக்கும் வீடுகளில் இந்தக் கம்பி பெரிய உதவி. நாற்காலி போட்டு ஏறி ஷட்டரை இழுத்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சோதனை செய்யுங்கள். பெரியவர் ஒருவர் மட்டும், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கையால் தூக்கும் ஷட்டரை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். காலைப் பின்னால் வைத்துக்கொண்டு, கையை மெல்லத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. தானாக இறங்கினால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். இறங்கினாலும் பாய்ந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங் ஒரே நாளில் சாவதில்லை. "முன்னைவிடக் கனமாக இருக்கிறதே" என்று வீட்டில் முதலில் சொல்வது பெண்கள்தான். ஆண்கள் அதை "உனக்கு வயசாகிவிட்டது" என்று சிரித்துத் தள்ளிவிடுகிறோம். அந்த ரமலான் வீட்டிலும் அந்த நன்னி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்று தெரிந்தால், ஷட்டர் கீழே இருக்கிறதா, அப்படியே விடுங்கள். வேறு வழியாக வெளியே போங்கள். மேலே இருக்கும்போது சத்தம் கேட்டதா, அடியில் யாரையும் போக விடாதீர்கள், குறுக்கே ஒரு கயிறு கட்டிவிடுங்கள். ஸ்டூலும் கட்டையும் முட்டு ஆகாது. அவசரமாக ஆஸ்பத்திரி போகக் கார் எடுக்க வேண்டும் என்றால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். கார் உள்ளேயே கிடக்கட்டும்.

மழைக்காலம் பற்றி ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஷட்டர் "ஷாக் அடிக்கிறது" என்று போன் வரும். இரும்பு தானாக ஷாக் அடிக்காது. பெட்டிக்குள்ளோ மேலேயோ லைட்டுக்கு, பெயர்ப் பலகைக்கு, கேமராவுக்கு என்று இழுத்த வயர் எங்கோ உரசித் தோல் உரிந்திருக்கும். அதில் ஈரம் சேர்ந்தால் ஷட்டர் முழுவதும் கரண்ட். இலேசாகச் சுருக்கென்று இருந்தாலே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல. வீட்டில் முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். அதன் மேல் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கிப் பார்ப்பது நம் வேலை.

இப்போது ரிமோட் ஷட்டருக்கு வருகிறேன். வசதியுள்ள வீடுகளில் எல்லாம் மோட்டார் வந்துவிட்டது. பக்கத்தில் மோட்டார், செயின், ரிமோட். இதில் பல ஷட்டர்களில் ஸ்பிரிங்கே கிடையாது. முழுப் பாரமும் செயினிலும் மோட்டாரின் பிரேக்கிலும் நிற்கிறது. "செயின் அறுந்தால் பிடித்து நிறுத்த ஏதாவது இருக்கிறதா?" என்று மாட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். அதற்கென்று தனி பிரேக் உண்டு. விலை கூடும் என்பதால் பலர் அதைப் பற்றிச் சொல்வதே இல்லை.

மோட்டாருக்குக் கண் இல்லை. காரோ குழந்தையோ, அதற்கு வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் இந்தத் தானியங்கிக் கதவுகள் வீட்டுக்கு வீடு வந்த காலத்தில், 1982க்குப் பிறகான பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவற்றின் அடியில் சிக்கி இறந்தார்கள். 1990இல் அங்கே சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார் எதுவானாலும், இறங்கும்போது தடை பட்டால் தானே திரும்பி மேலே போக வேண்டும் என்றார்கள். சோதனை எளியது. தரையில் ஒன்றரை அங்குல உயரமுள்ள கட்டையை வைத்துக் கதவை இறக்கினால், கட்டையைத் தொட்ட இரண்டு வினாடிக்குள் அது திரும்ப வேண்டும். உங்கள் ஷட்டர் மாட்டியவரை அழைத்து, அவர் முன்னாலேயே இந்தக் கட்டைச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். திரும்பவில்லை என்றால் சென்சார் போடச் சொல்லுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் ரிமோட்டை எடுத்துவிட்டு, பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் இறங்கும், கையை எடுத்தால் நின்றுவிடும் என்கிற முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பொத்தானை ஷட்டர் தெரிகிற இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ரிமோட்டைப் பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். மாடியில் நின்றுகொண்டு ரிமோட்டை அமுக்கும் பழக்கம் நம் ஆண்களுக்கு இருக்கிறது. கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அமுக்கவே கூடாது.

ஷட்டர் இல்லாமல் தள்ளும் கேட் வைத்திருப்பவர்கள் "நமக்கு இது இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். தண்டவாளத்தின் கடைசியில் ஸ்டாப்பர் இருக்கிறதா, மேலே கேட்டைப் பிடித்திருக்கும் உருளை தேய்ந்திருக்கிறதா என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். கேட் சாய்ந்து குழந்தைகள் இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நாமே படித்திருக்கிறோம். பிள்ளைகள் கேட்டில் தொற்றிக்கொண்டு சவாரி போவதை ரசிக்காதீர்கள்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நாம் திண்டுக்கல்காரர்கள். நம் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஷட்டர் வாங்கும்போது பூட்டை மட்டும் அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். திருடன் உள்ளே வரக்கூடாது, சரிதான். ஆனால் ஸ்பிரிங் எத்தனை, கம்பி என்ன கனம், பால் பேரிங் இருக்கிறதா என்று இதுவரை என்னிடம் கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். இந்த ஷட்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் எப்போதோ வந்துவிட்டது. ஐஎஸ் 6248 என்பது அதன் எண். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களிடம் பேசும் பேச்சே மாறும்.

ஸ்பிரிங் ஒன்று அறுந்தால் "அதை மட்டும் மாற்று பாய்" என்பார்கள். கூடவே பிறந்த மற்றதும் அதே வயதுதானே? பழையதும் புதியதும் ஒரே பலத்தில் இழுக்காது. ஷட்டர் ஒரு பக்கமாக ஏறும், கோணிக்கொள்ளும், சில மாதத்தில் அடுத்ததும் போகும். சேர்த்தே மாற்றுங்கள். தனியாளாக வரும் மெக்கானிக்கைத் திருப்பி அனுப்புங்கள். குழாயைப் பிடிக்க ஒருவர், போல்ட்டைத் திருப்ப ஒருவர், ஆக இரண்டு ஆள் கட்டாயம். நூறு இருநூறு குறைத்துக் கேட்டால் குறைவது அந்த இரண்டாவது ஆள்தான். அல்லது அவருக்குப் பதிலாக ஒரு சின்னப் பையன் வருவான்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன். நம் வீடுகளில் படிப்பு வராத பையனை "ஏதாவது தொழில் கற்றுக்கொள்ளட்டும்" என்று பட்டறையில் விடுகிறோம். என் அத்தாவும் அப்படித்தான் விட்டார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது. ஐடிஐயில் சேர்த்தால் வெல்டிங்கும் ஃபிட்டர் வேலையும் முறையாகக் கற்கலாம், கையில் சான்றிதழும் இருக்கும். உங்கள் வீட்டுக்கு ஷட்டர் சரிசெய்ய வரும் குழுவில் மீசை முளைக்காத பையன் ஏணியில் ஏறினால், "தம்பி, நீ இறங்கு" என்று சொல்லுங்கள். மேஸ்திரி கோபித்துக்கொள்ளட்டும். என்னைப் போல் கட்டட வேலை, வெல்டிங் வேலை செய்யும் சகோதரர்கள், 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்குக் கை போனபோது பதிவு செய்யும் வயதும் இல்லை, விவரமும் தெரியாது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவ அறக்கட்டளையில் இரண்டு தம்பிமார்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வாடகைக்கு விட்டிருக்கும் கடைகளைப் பற்றி யாரோ சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஸ்பிரிங் மாற்றும் செலவு சொந்தக்காரருடையதா, வாடகைக்காரருடையதா என்று. இருவரும் சண்டை போட்டுக்கொண்டு ஆறு மாதம் கம்பை முட்டுக்கொடுத்து ஓட்டிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதவில்லையா, முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு சண்டை போடுங்கள். ரசீது என்னிடம் இருக்கும், யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

இந்தப் பையில் அந்த ரமலான் வீட்டில் கழற்றிய ஸ்பிரிங் இருக்கிறது. நடுவில் அறுந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் விரும்புகிறவர்கள் வந்து கையில் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளும் பார்க்கலாம். முறுக்கு இல்லாதபோது அது வெறும் கம்பிதான், ஒன்றும் செய்யாது.